ஆறு வராத வருடங்கள்

“இந்த ஊர்ல பயந்துக்கிட்டு இருக்கிறவன் நான் ஒருத்தன்தான், தாயே.”

தச்சர் கோமதிநாயகம் இதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

உடையம்மை ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தச்சரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் ஏழு வருடமாக உடையம்மைதான் தச்சருக்குக் குரு.

“எதுக்குப் பயம்?”

“ஆத்துக்கு. மேற்கே கரை மூணு இடத்துல அரிச்சிருக்கு. நடு அரிப்பு மூணே கால் முழம். நேத்து அளந்தேன்.”

“ஊர்ல சொன்னீரா?”

“சிரிக்கிறாங்க. ‘அந்தக் காலத்து ஆறு வேற, இப்ப இருக்கிற ஆறு வேற’ங்கிறாங்க. ‘நூத்திப் பன்னிரண்டு மணி தொங்குது, நிமிர்ந்து பாரும் ஆசாரி’ங்கிறாங்க.”

அந்த மணிகளின் கதை இது.

முன்பு ஒருமுறை ஆறு ஊருக்குள் வந்தது. நாற்பத்தொரு பேர் மிஞ்சினார்கள். ஒரே படகில் மிஞ்சினார்கள். தண்ணீர் வடிந்த பிறகு, மறுபடி ஆறு வந்தால் உதவும் என்று அந்தப் படகைக் கோயில் மண்டபத்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

ஒரு வருடம் ஆறு வராமல் கழிந்தது. அந்த நன்றிக்குப் படகின் அடியில் ஒரு வெண்கல மணி கட்டினார்கள். அடுத்த வருடமும் வரவில்லை. இன்னொரு மணி. மணி கட்டும் நாள் போகப் போகத் திருவிழா ஆயிற்று.

இன்று அந்தத் திருவிழா. உச்சிவேளையில் கோமதிநாயகம் படகில் ஏறி அடுத்த மணியைக் கட்ட வேண்டும். பிறகு ஊர்ப் பந்தி. முதல் இலை தச்சருக்கு.

“பயமா இருந்தா மணி கட்டாம இரும்,” என்றார் உடையம்மை.

கோமதிநாயகம் தலையை ஆட்டி மறுத்தார்.

“வீட்டுக்காரி போய்ப் பதினொரு வருசம் ஆச்சு. வருசத்துல முந்நூத்தி அறுபத்து நாலு நாள் தனியாத்தான் சாப்பிடுறேன். இன்னிக்கு ஒரு நாள்தான் பக்கத்து இலையில ஆள் இருக்கும், தாயே.”

உடையம்மை கீரையை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

“வாரும்.”

மண்டபத்தில் பாதி ஊர் இருந்தது. பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஊர்த்தலைவர் பிச்சாண்டி தச்சரைப் பார்த்ததும் குரல் கொடுத்தார்.

“என்ன ஓய், கரை இருக்கா, போயிருச்சா?”

“இருக்கு.”

“அப்பச் சோறு தின்ன நேரம் இருக்கு!”

எல்லோரும் சிரித்தார்கள். கோமதிநாயகமும் கொஞ்சம் சிரித்துவைத்தார்.

ஏணியில் ஏறிப் படகுக்குள் இறங்கினார். உளியையும் துளை போடும் துரப்பணத்தையும் எடுத்து வைத்தார். கீழே எட்டிப் பார்த்தால் உடையம்மை ஒரு குடத்தோடு ஏணியில் நின்றார். சமையலுக்கு நிறைத்து வைத்திருந்த குடம்.

“ஊத்தும்.”

“படகைக் கழுவவா, தாயே?”

“ஊத்தும்.”

ஊற்றினார். அடுத்த குடம் வந்தது. அதையும் ஊற்றினார்.

“அம்மா, அது உலைக்கு வச்ச தண்ணி!” என்று கீழே ஒருத்தி கத்தினாள். உடையம்மை காதில் வாங்கவில்லை.

பதினான்கு குடம். படகில் ஒரு கை தண்ணீர்கூட நிற்கவில்லை.

முப்பத்தொரு வருடமாகக் கோமதிநாயகம் இந்தப் படகில் ஏறுகிறார். ஒரு மணிக்கு ஒரு துளை. துளையில் கயிற்றை விட்டு, உள்ளே முடிச்சுப் போடுவது. முடிச்சு நழுவுகிறதா என்றுதான் பார்ப்பார். முப்பத்தொரு துளை அவர் போட்டவை. ஒன்றுகூட வட்டம் பிசகியதில்லை.

விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தார். கயிறு வழியாக இறங்கிய தண்ணீர் மணிகளின் நாக்கிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. முதல் வரிசையிலிருந்து எண்ணினார். கடைசி வரிசை வரை எண்ணினார்.

நனையாத மணி ஒன்றுகூட இல்லை.

“பாருங்க!” என்று கத்தினார். “எல்லாரும் மேலே பாருங்க!”

பார்த்தார்கள்.

“தீர்த்தம்!” என்றாள் உலைத் தண்ணீருக்குச் சண்டை போட்டவள். “படகு தீர்த்தம் தருது!”

கத்தியையும் பூசணியையும் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார்கள். பிச்சாண்டி முண்டாசை அவிழ்த்துவிட்டு, கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்தி நின்றார்.

“இத்தனை வருசமா நமக்கு இது தோணலையே! அடுத்த வருசம் நூத்தியெட்டுக் குடம் ஊத்துவோம். ஆசாரியாரே, இன்னிக்குப் போடுற துளையைக் கொஞ்சம் பெரிசாவே போடும்!”

கோமதிநாயகம் உடையம்மையைத் தேடினார். அவர் கூட்டத்துக்கு வெளியே இருந்தார். ஏணி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

கீழே இலை போட்டாயிற்று. முதல் இலைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், ஏற்கெனவே உட்கார்ந்து அவருக்காகக் காத்திருந்தார்கள்.

“சீக்கிரம் இறங்கி வாரும் ஓய், பசிக்குது!”

கோமதிநாயகம் துரப்பணத்தைக் கையில் எடுத்தார். பிறகு அதை வைத்துவிட்டு உளியை எடுத்தார். முதல் முடிச்சை அறுத்தார்.

மணி கல்தரையில் விழுந்தது.

“கை தவறிருச்சா, ஆசாரி?”

“இல்லை. ஆறு வந்தா இது மிதக்காது, ஓட்டையை அடைக்கணும்.”

இரண்டாவது விழுந்தது. குடித்துக்கொண்டிருந்தவர்கள் விலகி ஓடினார்கள். ஒரு குழந்தை அழுதது.

பிச்சாண்டியின் முகத்திலிருந்து தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

“ஓய்! இன்னும் ஒரு மணி விழுந்துச்சுன்னா உம்ம இலையை எடுத்துருவேன். இன்னிக்கு மட்டும் இல்லை, இனி என்னிக்குமே கிடையாது.”

கோமதிநாயகம் இலையைப் பார்த்தார். தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். பக்கத்து இலைக்காரர் இவரையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடுத்துரும்,” என்றார். “இன்னும் நூத்திப்பத்து இருக்கு.”