நாலாவது ஆணி

“ஒளிச்சு வைக்கிறான் வாத்தியாரம்மா! ஒவ்வொரு வண்டியிலயும் கம்பெனிக்காரன் ஒரு ஸ்க்ரூவ எங்கயாவது ஒளிச்சு வச்சிடறான்!”

பெருமாள்சாமியின் கையில் ஒரு டோர் பேட் இருந்தது. கார் கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் பலகை. நடுவில் நீளமாகப் பிளந்திருந்தது.

“முதல் வண்டியில லைட்டுக்குப் பின்னாடி. ரெண்டாவதுல சுவிட்சுக்கு அடியில. இதுல கைப்பிடிக்குள்ள. எங்க ஒளிச்சிருக்கான்னு பிரிக்கறதுக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?”

ரெஜினா பலகையை வாங்கிச் சுவரருகே போனாள். அங்கே ஏற்கெனவே இரண்டு உடைந்த பலகைகள் தொங்கின. மூன்றாவதையும் மாட்டினாள். பிறகு சுத்தியலை எடுத்து, பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்தாள்.

“அது எதுக்கு?”

“நாலாவதுக்கு.”

“நாலாவதும் உடைஞ்சா?”

“வேற எடம் பாத்துக்கங்கண்ணே.”

அவளுக்கு முப்பத்தொரு வயது. அவருக்கு ஐம்பத்து நான்கு. இருபத்தெட்டு வருஷம் லாரிப் பட்டறையில் இருந்தவர். முதுகுத் தட்டு விலகிய பிறகு, இனி லாரிக்கு அடியில் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லாரிப் பட்டறையில் தலைமை மெக்கானிக்கை வாத்தியார் என்பார்கள். சின்னமனூர் பைபாஸில் கதவு வேலையும் கண்ணாடி வேலையும் மட்டும் செய்கிற இந்தப் பெண்ணிடம் வந்து சேர்ந்த அன்று, அந்தச் சொல்லோடு ஓர் அம்மாவைச் சேர்த்துக்கொண்டார்.

பலகைகள் தாழ்வாக மாட்டப்பட்டிருந்தன. அவர் டீ குடிக்கும் முக்காலி சுவரை ஒட்டிக் கிடந்தது. உட்கார்ந்தால் இடது முழங்கை பலகையில் இடித்தது.

“இன்னுங்கொஞ்சம் மேல மாட்டக் கூடாதா? கை இடிக்குது.”

“இடிக்கட்டும்ணே” என்றாள்.

அவமானப்படுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டார். உடைத்ததற்கு இது தகும் என்றும் நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு வெள்ளைக் கார் பட்டறைக்குள் சீறிக்கொண்டு வந்து நின்றது.

நான்கு கதவும் ஒரே சமயத்தில் திறந்தன. நீல பனியன் போட்ட பெண்கள் இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். மொத்தம் ஏழு பேர். கடைசியாக டிரைவர் சீட்டிலிருந்து விசில் தொங்கும் கழுத்தோடு ஓர் அம்மாள் இறங்கினாள்.

“மெக்கானிக் யாரு? சீக்கிரம்! பதினொரு மணிக்கு ஃபைனல்!”

ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மைதானத்திலிருந்து ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. பெண்கள் கபடி. இவர்கள் தேவாரம் ஊர் அணி.

“நான் பி.டி. டீச்சர் அமுதவல்லி. இவ வினோதினி. எங்க ரைடர். இவ இல்லாட்டி நாங்க கோர்ட்டுக்குப் போறதும் ஒண்ணுதான், வீட்டுக்குப் போறதும் ஒண்ணுதான்.”

வினோதினி ஒல்லியாக இருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

“என்னாச்சு?” என்றாள் ரெஜினா.

“கார்டு” என்றாள் வினோதினி. “போட்டோ ஒட்டி முத்திரை குத்துன கார்டு. முன்சீட்டுல வந்தேன். டோல் சீட்டு செருகுவாங்கல்ல, அந்த மாதிரி கண்ணாடி இடுக்குல செருகி வச்சேன். கண்ணாடிய இறக்குனேன். உள்ள போயிருச்சு.”

“கதவுக்குள்ளயா?”

“கதவுக்குள்ள.”

“அது இல்லாம விட மாட்டாங்களா?”

“நடுவர்ட்ட கால்ல விழாத குறை” என்றாள் அமுதவல்லி. “கார்டு இல்லாம கோட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னுட்டாரு. ஒரு வருஷமா ஓடியிருக்கா இவ. காலையில அஞ்சு மணிக்கு, தெருநாய் தொரத்தத் தொரத்த.”

“நாய்தான் கோச்” என்றாள் பின்னால் ஒருத்தி.

“ஏய், சும்மா இருடி!”

ரெஜினா வலது கையைத் தூக்கிக் காட்டினாள். உள்ளங்கை முழுக்கக் கட்டு. இரண்டு நாளைக்கு முன் கண்ணாடி கிழித்து, ஐந்து தையல்.

“அண்ணன் பாப்பாரு” என்றாள்.

பெருமாள்சாமி சுவரைப் பார்த்தார். நாலாவது ஆணி வெறுமையாக இருந்தது.

“நானா?”

“நீங்கதாண்ணே.”

“நீங்க பக்கத்துல நின்னு எந்த ஸ்க்ரூ எங்க இருக்குன்னு சொன்னீங்கன்னா...”

“இந்த வண்டிய நான் திறந்ததே இல்லண்ணே. எனக்கும் தெரியாது.”

ஏழு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெருமாள்சாமி முன் கதவருகே மண்டியிட்டார். கண்ணாடி மூலையில் இருந்த முக்கோண மூடியைப் பிளாஸ்டிக் ஆப்பால் நெம்பினார். வந்தது. கதவு திறக்கும் பிடிக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ. எடுத்தார். கீழ் விளிம்பில் இரண்டு. எடுத்தார்.

“பத்து பதினஞ்சு” என்றாள் அமுதவல்லி.

அடிப்பக்கம் ஆப்பைச் செருகினார். உள்ளே கிளிப்புகள். விரலால் தேடி, கிளிப்புக்கு நேராக வைத்து, மெல்ல நெம்பினார்.

டக்.

“ஹே!” என்று கத்தினார்கள்.

டக். டக்.

“ரெண்டு! மூணு!” பெண்கள் புள்ளி எண்ணுவது போல எண்ணினார்கள். அவருக்கு வியர்த்தது. ஆனால் கை நன்றாக இருந்தது. இத்தனை நாளில் இப்படி ஒருமுறைகூட வந்ததில்லை.

“ஏழு! எட்டு!”

டக்.

“ஒம்போது!”

விளிம்பு முழுக்க விட்டுவிட்டது. பலகை ஆடியது. அதை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினார்.

நடுவில் வரவில்லை.

இன்னும் கொஞ்சம் தூக்கினார். நடுவில் மட்டும் ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது.

“அன்பார்ந்த கபடி ரசிகப் பெருமக்களே!” என்றது ஒலிபெருக்கி. “இன்னும் சற்று நேரத்தில் நீங்கள் ஆவலுடன் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்...”

“ஃபோன்ல ஒரு வீடியோ இருக்கு!” ஒருத்தி ஃபோனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “பாருங்க, இந்த ஆளு டப்புன்னு ஒரே இழுப்பா இழுத்துட்டாரு!”

“அது வேற வண்டிம்மா.”

“கதவு கதவுதானேண்ணே!”

“நாங்க ஏழு பேரும் சேர்ந்து பிடிச்சா இந்தக் கதவு கோட்டத் தாண்டிருமா?”

“நான் காலப் பிடிக்கிறேன், நீ இடுப்பப் பிடி!”

சிரித்தார்கள். வினோதினி சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இழுத்துருங்க” என்றாள் மெதுவாக. “உடைஞ்சாலும் பரவால்ல. டீச்சர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

“உடைங்க!” என்றாள் அமுதவல்லி. “என் வண்டிதான். நான் சொல்றேன், உடைங்க!”

பெருமாள்சாமி பலகையை இறுகப் பிடித்தார். லாரியில் வராததை என்ன செய்வார் என்று கைகளுக்குத் தெரியும். தோள் இறங்கியது. பலகை வளைந்தது. வளைந்த இடத்தில் கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளையாக ஒரு கோடு விழத் தொடங்கியது.

ரெஜினா இடது கையால் அவர் மணிக்கட்டைத் தொட்டாள்.

“அண்ணே. ஏறி உக்காருங்க.”

“என்னது?”

“வண்டிக்குள்ள. முன்சீட்டுல.”

“எதுக்கு?”

“உக்காந்து கதவைச் சாத்துங்க.”

“இப்பவா?” என்றார் பெருமாள்சாமி.

“இப்பவா!” என்றார்கள் ஏழு பேரும்.

“ஏம்மா, உனக்குக் கையில அடியா, தலையில அடியா?” என்றாள் அமுதவல்லி. “பத்து முப்பத்தஞ்சு!”

ரெஜினா அவரை மட்டும் பார்த்தாள். “ஊருக்குப் போறீங்க. ஏறியாச்சு. கதவைச் சாத்துங்க.”

அவர் ஏறினார். உட்கார்ந்தார். கதவு விரியத் திறந்து கிடந்தது. அதன் மேல் கழன்ற பலகை, ஒன்பது கிளிப்பும் விட்டுப்போய், ஓரமெல்லாம் வாய் பிளந்து தொங்கியது.

அவர் யோசிக்கவில்லை. ஐம்பத்து நான்கு வருஷத்தில் எத்தனை கதவைச் சாத்தியிருப்பார். இடது கை தானாகப் போயிற்று. பலகையில் இருந்த பிடிக்குழிக்குள் நான்கு விரல்களும் நுழைந்தன. இழுத்தார்.

கதவு வந்தது.

டப் என்று சாத்திக்கொண்டது.

உள்ளே அமைதி. கண்ணாடிக்கு வெளியே ஏழு வாய்கள் அசைந்துகொண்டிருந்தன.

பெருமாள்சாமி கையைப் பார்த்தார். விரல்கள் இன்னும் குழிக்குள்தான் இருந்தன.

பிடித்து இழுத்தது பலகையை. பலகையோ கழன்று கிடக்கிறது. பலகைதான் கையோடு வந்திருக்க வேண்டும்.

வந்தது கதவு.

கதவைத் திறந்தார். மறுபடி இழுத்தார். டப். மறுபடி திறந்தார். மறுபடி டப்.

“போச்சு, அண்ணனுக்குக் கழண்டுருச்சு” என்றது வெளியே ஒரு குரல்.

அவர் விரல்களை எடுக்காமல் குழியின் அடியைத் தடவினார். வழவழப்பு. வழவழப்பு. பிறகு ஒரு ரூபாய்க் காசு அளவு வட்டம். ஓரத்தில் நகம் நுழைகிற ஒரு கீறல்.

“இங்க!” என்று கத்தினார். “இங்கதான் வாத்தியாரம்மா! இங்கதான!”

நகத்தைக் கொடுத்தார். சின்ன மூடி துள்ளி விழுந்தது. உள்ளே ஒரு ஸ்க்ரூ. நீளமான ஸ்க்ரூ. கதவின் இரும்பு வரைக்கும் போகிற ஸ்க்ரூ.

யாரோ கதவைத் திறந்து திருப்புளியைக் கையில் வைத்தார்கள். ஆறு சுற்று. ஏழு சுற்று. ஸ்க்ரூ அவர் உள்ளங்கையில் விழுந்தது.

இறங்கினார். பலகையின் இரண்டு ஓரத்தையும் இரண்டு விரலால் பிடித்து மேலே தூக்கினார்.

வெற்றிலையைக் கட்டிலிருந்து உருவுவது போல வந்தது.

“ஹே... ஹே... ஹே!”

பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளின் மூலையை உரித்தார். கதவின் இரும்பு வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டார். தூசி. ஒரு காய்ந்த இலை. ஒரு பழைய டோல் சீட்டு. இன்னொரு டோல் சீட்டு. ஒரு சீப்பு.

“என் சீப்பு!” என்றாள் அமுதவல்லி.

பிறகு விரல் நுனியில் வழுக்கலாக ஒன்று. இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து வெளியே எடுத்தார்.

புகைப்படத்தில் வினோதினி முறைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து நடந்ததை அவரால் சரியாகப் பார்க்க முடியவில்லை. யாரோ அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். யாரோ முதுகில் ஓங்கி அறைந்தார்கள், அதுவும் தட்டு விலகிய இடத்திலேயே. வினோதினி கார்டைப் பல்லில் கவ்விக்கொண்டு ஷூ கயிற்றை இறுக்கினாள். நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், கார்டு விழப்போயிற்று, மறுபடி கவ்விக்கொண்டாள். அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஓடினாள்.

கார் தேவைப்படவில்லை. ஏழு பேரும் ரோட்டைக் குறுக்கே தாண்டி ஓடினார்கள். அமுதவல்லி விசிலை ஊதிக்கொண்டே பின்னால் ஓடினாள். ஒரு பஸ் பிரேக் போட்டு நின்று வழிவிட்டது.

பட்டறை சட்டென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது.

பெருமாள்சாமி பலகையை மடியில் வைத்துத் துடைத்தார். விரிசல் இல்லை. வெள்ளைக் கோடு மட்டும், நகக்கண் நீளத்துக்கு. அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

“கொஞ்சம் சுடுகாத்து காட்டினா மறைஞ்சிரும்” என்றாள் ரெஜினா. “டீ வந்திருக்கு. குடிச்சிட்டு மாட்டலாம்.”

முக்காலியில் உட்கார்ந்தார். வலது கையில் டீ. மைதானத்தில் விசில் ஊதினார்கள். கூட்டம் ஒரே குரலாக எழுந்தது. வினோதினியின் பெயரை ஒலிபெருக்கி தப்பும் தவறுமாகச் சொன்னது.

இடது முழங்கை, வழக்கம்போல, சுவரில் தொங்கிய பலகையில் இடித்தது.

அவர் திரும்பவில்லை. கை தானாகப் போயிற்று. மூன்றாவது பலகையின் பிடிக்குழிக்குள் விரல்கள் நுழைந்தன.

விரல் நுனி விரிசலில் பட்டது.

டீயைக் கீழே வைத்தார். முக்காலியை இழுத்துக்கொண்டு இரண்டாவது பலகைக்குப் போனார். அதில் கை வைத்துக்கொள்ள ஒரு திண்டு, திண்டில் சுவிட்சு, சுவிட்சுக்கு முன்னால் ஒரு பள்ளம். கதவைச் சாத்துவது போலக் கையை நீட்டினார்.

விரிசல்.

முதல் பலகை. பழைய வண்டி. குழி கிடையாது. ஒரு தடித்த பிடி, அதன் அடியில் சின்ன லைட். கையை நீட்டினார்.

விரிசல்.

கதவை இழுக்கக் கை எங்கே போகிறதோ, மூன்றும் அங்கேதான் உடைந்திருந்தன. அவர் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, முதுகு வலிக்க, கண்ணில் நீர் வர.

“என்னண்ணே?”

அவர் எழுந்தார். சைக்கிளில் தொங்கிய சாப்பாட்டுப் பையை எடுத்து வந்தார். நாலாவது ஆணியில் மாட்டினார்.

“அங்க மாட்டினா கை இடிக்குமேண்ணே” என்றாள் ரெஜினா.

“இடிக்கட்டும்” என்றார்.