ஒரே வாசலில் இருநூறு கடை

நாற்பத்தொரு பொன். முன்னொரு காலத்தில் ஒரு மகாராஜா தன் அரண்மனை விகடகவிக்குக் கொடுக்க வேண்டியிருந்த பாக்கி அவ்வளவு. யானை கட்டித் தீனி போடுகிறவருக்கு அது ஒரு தொகையா என்று கேட்பீர்கள். தொகை பெரிதில்லை. எதற்கான கூலி என்பதை வெளியே சொல்ல முடியாது. சிக்கல் அங்கேதான்.

மகாராஜாவுக்குச் சொக்கட்டான் பித்து. காய் உருட்ட உட்கார்ந்துவிட்டால் பட்டத்தரசி சாப்பிடக் கூப்பிடுவது காதில் விழாது. அரசி கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வாள். உடனே பின்வாசல் வழியாக விகடகவி சடையாண்டிக்கு ஆள் போகும்.

"அவள் மனசு இறங்குகிற மாதிரி ஒரு பாட்டு எழுதிக் கொடப்பா. பாட்டுக்கு ஒரு பொன்."

சடையாண்டி எழுதிக் கொடுப்பான். மகாராஜா அதை மனப்பாடம் பண்ணி, தானே கட்டினதுபோலக் கதவோரம் நின்று பாடுவார். கதவு திறக்கும். இப்படி நாற்பத்தொரு சண்டை, நாற்பத்தொரு பாட்டு. பொன் மட்டும் ஒன்றுகூட வந்து சேரவில்லை.

சடையாண்டியின் மனைவி நாச்சாள் ஒருநாள் ஒழுகுகிற கூரைக்கு அடியில் சட்டியை நகர்த்தி வைத்துக்கொண்டே சொன்னாள்: "மூட்டை சுமக்கிறவனுக்கு இறக்கின இடத்துலயே கூலி குடுக்கிறாங்க. விரல் மரத்துப் போக எழுதுறவனுக்கு மட்டும் என்ன 'அப்புறம் பார்க்கலாம்'? எழுத்து என்ன, காத்துலயா விளையுது?"

அந்தக் கேள்வி அவனைத் தூங்கவிடவில்லை. மறுநாள் சபையிலேயே கேட்டுவிட்டான்.

"மகாராஜா, அடியேனுக்கு எழுத்துக் கூலி நாற்பத்தொரு பொன் பாக்கி இருக்கிறது."

மகாராஜா விதானத்துச் சித்திரத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்போல அண்ணாந்து பார்த்தார். "அதையெல்லாம் ஓலைநாயகத்திடம் கேள்" என்றார்.

ஓலைநாயகம் அனந்தநாதர் அரண்மனை எழுத்தர்களுக்கெல்லாம் தலைவர். அவர் படித்த எந்த ஓலைக்கும் மகாராஜா சிரித்ததில்லை. சடையாண்டி தும்மினால்கூடச் சிரிப்பார். அனந்தநாதருக்கு அது பல வருஷத்து எரிச்சல்.

"கூலி என்பது கடைக்காரனுக்கு உரியது" என்றார் அவர். "உனக்குக் கடை ஏது? கடைக்குப் பெயர் ஏது? பெயருக்கு முத்திரை ஏது?"

"இல்லைதான். இன்றோடு அரண்மனைச் சம்பளத்தை விடுகிறேன், நாயகரே. எழுத்துக்கடை வைக்கிறேன். யார் வந்து கேட்டாலும் எழுதித் தருவேன், கூலியை வாங்கிக்கொள்வேன்."

மகாராஜாவுக்கு இது வேடிக்கையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. நாற்பத்திரண்டாவது சண்டைக்கு யார் எழுதுவது? யோசித்துவிட்டுச் சொன்னார்: "நல்லது. நாளைச் சபை கலைவதற்குள் உன் கடைக்குப் பெயர் பதிந்து முத்திரை வாங்கு. வாங்கிவிட்டால் பாக்கியைப் பேசலாம். வாங்காவிட்டால் பாக்கியை மறந்துவிட்டு, ஆயுள் முழுக்க எனக்குச் சும்மா எழுத வேண்டும். சம்மதமா?"

"சம்மதம் மகாராஜா. கடைச் சட்டத்தை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்."

அனந்தநாதர் செப்பேட்டை எடுத்து வாசித்தார். ஒருவர் பதிந்த பெயரை இன்னொருவர் வைக்கக்கூடாது. பெயர் பதிந்தவர் மறுநாள் விடியும்போது கடைக்கு விளக்கேற்றி, தாமே உட்கார வேண்டும். திறப்பு நாளில் ஒவ்வொரு கடையும் முதல் ஆளுக்கு இனாமாக வேலை செய்ய வேண்டும்; திருப்பி அனுப்பக் கூடாது. பகல் முடிவதற்குள் விளக்கு அணைந்தால், அணைந்த விளக்கைக் கடைக்காரர் தலையில் வைத்துக்கொண்டு கடைவீதியைச் சுற்றி வர வேண்டும். விலை கொடுக்காத சரக்கு, யார் கையில் இருந்தாலும் கடைக்காரருக்கே சொந்தம்.

"இந்தச் சட்டம் எல்லாருக்கும் பொதுதானே, மகாராஜா?"

"நானே கடை வைத்தாலும் இதுதான் சட்டம்" என்றார் மகாராஜா.

நல்ல பெயராக யோசித்துக்கொண்டு சாயங்காலம் சடையாண்டி பதிவுச் சாவடிக்குப் போனான். சாவடியில் அனந்தநாதரே உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஏழெட்டு எழுத்தர்கள் வெற்றிலை மென்றபடி வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

"வெண்தாமரை எழுத்துக்கடை என்று பதியுங்கள்."

"பதிவாகிவிட்டதே."

"பூரணசந்திர எழுத்துக்கடை?"

"அதுவும் ஆகிவிட்டது."

மயில், அன்னம், பவளம், முத்து, கங்கை, காவேரி என்று அவன் எதைச் சொன்னாலும் அது பதிவாகியிருந்தது. எழுத்தர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சரி, பூவும் வேண்டாம், ஆறும் வேண்டாம். என் பெயரையே வைக்கிறேன். சடையாண்டி எழுத்துக்கடை."

"அதுவும் மத்தியானமே ஆகிவிட்டது, அப்பனே."

"என் பெயரையா? யார் பதிந்தது?"

"அடியேன்தான்" என்று அனந்தநாதர் கை கூப்பினார். "மொத்தம் இருநூறு கடை. நாடெங்கும் தேடினாலும் நல்ல பெயர் இனி மிஞ்சாது."

சடையாண்டிக்கு முகத்தில் ஓங்கி அறைந்தாற்போல இருந்தது. அப்பன் வைத்த பெயர். அதைச் சொல்லிக்கொள்ளக்கூட இனி இந்த ஆளிடம் உத்தரவு கேட்க வேண்டுமா? செப்பேட்டு வாசகம் ஒவ்வொன்றாக மனசில் ஓடியது. மெல்ல முகம் தெளிந்தது.

"இருநூறு கடையும் உங்களுடையதுதானே, நாயகரே?"

"அத்தனையும்."

"இடம்?"

"என் வீட்டு வாசல் போதாதா?"

"தாராளமாகப் போதும். நாளைக்குத் திறப்பு. ஊரெல்லாம் சொல்லிவிடுகிறேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

சொன்னபடியே சொன்னான். சந்தை, படித்துறை, செக்கு மேடு, வண்டிப்பேட்டை என்று ஓரிடம் விடவில்லை. "நாளைக்கு இருநூறு எழுத்துக்கடை திறக்கிறார்கள். கடைக்கு ஒருவருக்கு இனாம். ஓலைநாயகமே தம் கையால் எழுதுகிறார்!"

கிழக்கு வெளுக்கும்போது அனந்தநாதர் வாசலில் திருவிழாக் கூட்டம். கண்ணைத் தேய்த்துக்கொண்டு கதவைத் திறந்தவரைப் பால்காரி வெள்ளச்சி பிடித்துக்கொண்டாள்.

"வெண்தாமரைக் கடை இதுதானுங்களா சாமி?"

"இதுதான்... இப்போது என்ன அவசரம்?"

"விளக்கைக் காணோமே? சட்டம்னு ஒண்ணு இருக்குதில்ல? ஏத்துங்க. ஏத்திட்டு உக்காந்து எழுதுங்க. எம்மவன் பட்டாளத்துல இருக்கான். எருமை கன்னு போட்ட சேதியிலேருந்து ஆரம்பிங்க."

"ஏ புள்ள, சீக்கிரம் விடு" என்றார் பின்னால் நின்ற குயவர் மொக்கையன். "நான் மயில் கடைக்கு வந்தவன். சம்பந்தி மேல பிராது எழுதணும். ரெண்டு வண்டிப் பானை விவகாரம். ஆதியிலேருந்து சொல்லணும்."

"பவளக் கடைக்கு எந்தப் பக்கம் நிக்கணும்?" என்று தெருமுனையிலிருந்து ஒரு குரல்.

வீட்டிலிருந்த விளக்கெல்லாம் வாசலுக்கு வந்தது. போதவில்லை. மொக்கையனே தன் வண்டியிலிருந்த அகல்களை இறக்கி, ரொக்கம் வாங்கிக்கொண்டு கொடுத்தார். எண்ணெய் குடம் குடமாகப் போயிற்று. ஒரு வரிசை ஏற்றி நிமிர்ந்தால் காற்று இன்னொரு வரிசையைத் தின்றது. அனந்தநாதர் ஒரு கையில் எழுத்தாணி, ஒரு கையில் எண்ணெய்த் தூக்கு, வாயில் எருமைக் கன்று என்று ஆடிக்கொண்டிருந்தார். கூட நின்று சிரித்த எழுத்தர்களில் ஒருவரும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

அந்த நேரம் மகாராஜா யானை மேல் நகர்வலம் வந்தார். "என்ன இது, ஐப்பசியிலேயே கார்த்திகை தீபமா?" என்று யானையை நிறுத்தினார்.

கூட்டத்திலிருந்து சடையாண்டி முன்னே வந்தான். "இல்லை மகாராஜா. ஓலைநாயகத்தின் இருநூறு கடை. என் பெயரில்கூட ஒன்று வைத்திருக்கிறார். கடைசி வரிசையில் பாருங்கள், பதினாறு கடை அணைந்துவிட்டது. பதினாறு விளக்கையும் ஒரே தலையில் எப்படி நிறுத்துவார் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்."

மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யானை என்னவோ ஏதோ என்று காதை ஆட்டியது.

அனந்தநாதர் எண்ணெய்க் கையோடு ஓடிவந்தார். "மகாராஜா, இந்தப் பெயரெல்லாம் எனக்கு வேண்டாம். சடையாண்டியே எடுத்துக்கொள்ளட்டும். இருநூறையும்!"

"எனக்கு எதற்கு நாயகரே இருநூறு?" என்றான் சடையாண்டி. "என்னுடையதை மட்டும் கொடுத்துவிடுங்கள். மற்றதை ஊருக்கு விட்டுவிடுங்கள். ஆனால் வந்தவர்களுக்கு எழுதித்தானே ஆக வேண்டும்? நீங்கள் கூலி கொடுத்தால், உங்களுக்காக நான் எழுதுகிறேன். மடியில் இருக்கிறதா?"

"இருக்கிறது, இருக்கிறது!"

"முதலில் எடுத்து இப்படி வையுங்கள்."

வைத்தார். வெள்ளச்சி பக்கத்திலிருந்தவளிடம், "நாயகருக்கும் மடி அவிழுதுடி!" என்றாள். தெருவே சிரித்தது.

அன்று மத்தியானம் சபையில் சடையாண்டி எழுத்துக்கடைக்கு முத்திரை விழுந்தது. அனந்தநாதரே குத்தினார். பெயர் பொறித்த தகட்டைச் சடையாண்டி இரண்டு கையாலும் வாங்கி, ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்து, மடியில் பத்திரப்படுத்தினான்.

"இனி பாக்கி, மகாராஜா."

மகாராஜா தொண்டையைச் செருமினார். கொடுக்கிற மனசு இன்னும் வரவில்லை. "உன் கடை இன்றுதானே பிறந்தது? பழைய எழுத்து அந்தக் கணக்கில் வராதே."

"நியாயம்தான்" என்று சடையாண்டி தலையாட்டினான். "அப்படியானால் அந்த நாற்பத்தொன்றும் விலை போகாத சரக்கு. சட்டப்படி இன்னும் என்னுடையது. கடை வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் பாடிக் காட்டினால் மாதிரிச் சரக்கு ஆகும், நாலு பேர் வாங்க வருவார்கள். இடம்கூடப் பார்த்துவிட்டேன். கோயில் தெருவில். வெள்ளிக்கிழமை தோறும் பட்டத்தரசியின் பல்லக்கு அந்த வழியாகத்தான்..."

"நிறுத்து!" மகாராஜா சிங்காசனத்திலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

சபையில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மகாராஜா சடையாண்டியைப் பார்த்தார். சடையாண்டி விதானத்துச் சித்திரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். மகாராஜாவின் மீசை துடித்தது. பிறகு சிரிப்பு உடைத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வருமட்டும் சிரித்துவிட்டுப் பொக்கிஷக்காரனைக் கூப்பிட்டார். நாற்பத்தொரு பொன்னும் சபை பார்க்க எண்ணி வைக்கப்பட்டது. மேலே ஒரு பட்டுச் சால்வையும் தம் கையால் போர்த்தினார்.

சடையாண்டி கும்பிட்டுக் கிளம்பினான். மகாராஜா அவனைக் கிட்டே கூப்பிட்டு, யாருக்கும் தெரியாமல் இன்னொரு பொன்னை அவன் கையில் அழுத்தினார்.

"பாக்கி தீர்ந்துவிட்டதே, மகாராஜா. இது எதற்கு?"

மகாராஜா அவன் காதோரம் குனிந்தார். "இன்று காலையில் அரசியோடு நந்தவனத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேனப்பா. உன் விளக்கு வேடிக்கையில் மறந்தே போய்விட்டேன். அப்போதிலிருந்து கதவு சாத்தியிருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுது."

அந்த நாட்டில் எழுதுகிறவன் கைக்கு, எழுதுவதற்கு முன்பே கூலி வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான்.