இரண்டு கையெழுத்து வைப்பு

தீர்ப்புச் சொல்ல நம் ஊரில் என்றைக்கு ஆள் குறைந்தது? அதனால்தான் இந்த வழக்கு இங்கே வருகிறது. கதை முடியும்வரை யாரும் வாயைத் திறக்க வேண்டாம்.

ஈரோட்டில் கிருபாகரன் என்றொரு நிதி ஆலோசகர். ஓய்வு பெற்றவர்களின் பணத்துக்கு வழி சொல்வது தொழில். மாதத்தில் ஒரு ஞாயிறு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, அறுபதுக்கு மேல் ஆஸ்பத்திரிச் செலவை எப்படிச் சமாளிப்பது என்று வகுப்பெடுப்பார். சுண்டலும் காபியும் இலவசம். மனிதர் நாணயமானவர். அந்த நாணயத்தின்மேல் அவருக்கே ஒரு மயக்கமும் உண்டு.

அவரிடம் வந்தவர்களில் மயில்சாமியும் அவர் மனைவி பாவாயம்மாளும் உண்டு. பிள்ளைகள் இல்லை. நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற மயில்சாமிக்கு டிவியில் வரும் பங்குச்சந்தைச் செய்திதான் கதி. மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்க வைத்திருந்த பணத்தை எடுத்து, டிவியில் கோட்டுப் போட்டவர் சொன்ன பங்கை வாங்கினார். காப்பீடும் போயிற்று, பங்கும் படுத்துக்கொண்டது.

பாவாயம்மாள் அழுதுகொண்டு உட்காரவில்லை. பிறந்த வீட்டு நிலத்தை விற்று, பன்னிரண்டு லட்சத்தோடு கிருபாகரனிடம் வந்தார். வழி சொன்னவர் கிருபாகரன்தான். பணத்தை வங்கியில் இருவர் பேரிலும் நிரந்தர வைப்பாகப் போட்டு, இருவரும் கையெழுத்திட்டால்தான் உடைக்கலாம் என்று எழுதிவிடுவது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பெண்கள் பக்கம் கைதட்டல் எழும். ஒருவர் நினைவு தப்பிக் கிடந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

வைப்புப் பத்திரம் கிருபாகரனிடம் இருந்ததால், எட்டு மாதத்தில் மயில்சாமி பணம் எடுக்கும் படிவத்தோடு அவரிடம்தான் வந்தார். மனைவிக்குக் கண் ஆபரேஷன் என்றார். இரண்டு கையெழுத்தும் ஒழுங்காக இருந்தன. கிருபாகரன் எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டுக்குப் போன் போட்டார்.

"கண்ணுக்கு என்னங்க தம்பி? நல்லாத்தான தெரியுது" என்றார் பாவாயம்மாள். அந்தப் படிவம் வங்கிக்குப் போகவில்லை.

அன்று சாயங்காலமே அந்த அம்மாள் அலுவலகத்துக்கு வந்து, சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். "என்ற கையெழுத்த அவரு போட்டுட்டு வந்தா, நான் செத்துக் கெடந்தாலுஞ் செரி, குடுக்க உடாதீங்க தம்பி. சத்தியம் பண்ணுங்க." கிருபாகரன் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தார்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. மயில்சாமி செருப்பில்லாமல் ஓடி வந்தார். கையில் அதே மாதிரிப் படிவம், அதில் மனைவியின் கையெழுத்து.

"அவளுக்குத் தலைக்குள்ள ரத்தம் கசியுதாமா தம்பி. தொறந்து அடைக்கோணுமாமா. நாலு லட்சம் கட்டுனாத்தான் உள்ள கொண்டு போவாங்களாமா."

கிருபாகரன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். எல்லாம் உண்மை. நோயாளிக்கு நினைவில்லை, மதியத்துக்குள் ஆபரேஷன் செய்தால் நல்லது என்றார்கள். அவர் போனை வைத்தார்.

அவர் கொண்டுபோகும் படிவத்தை வங்கியில் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. அரை மணி நேர வேலை. ஆனால் கையெழுத்து கள்ளக் கையெழுத்து. பின்னால் வெளியே தெரிந்தால் பத்தொன்பது வருஷப் பேர் என்ன ஆவது? சத்தியம் வேறு இருக்கிறதே.

"இது அம்மா போட்ட கையெழுத்து இல்லீங்க ஐயா."

"இல்லதானுங்க. அவ எப்பிடிப் போடுவா?"

"அப்பறம் நான் எப்பிடிக் குடுக்கறது?"

"செரி, உங்க பணத்தயாவது குடுங்க தம்பி. அந்தப் பத்திரத்த ஈடா நீங்களே வெச்சுக்கங்க."

கிருபாகரனிடம் பணம் இல்லாமல் இல்லை. "கிளையண்டுகிட்ட கைமாத்து வெச்சுக்கறதில்லீங்க ஐயா. அது என்ற தொழில்முறை."

மயில்சாமி அவர் காலைப் பிடித்தார். கிருபாகரன் காலை விலக்கிக்கொண்டு முறையான வழியில் இறங்கினார். வங்கி அதிகாரியே ஆஸ்பத்திரிக்கு வந்து, டாக்டர் சாட்சியாக நோயாளியின் பெருவிரல் ரேகையை எடுக்கலாம். அதிகாரி கையிலிருந்த வேலையை முடித்து, சாப்பிட்டு, வந்து சேர மூன்றரை ஆயிற்று. பாவாயம்மாளின் வலது பெருவிரலில் மை தடவி, கிருபாகரனே பிடித்து அழுத்தினார். ஐந்து மணிக்கு ஆபரேஷன் நடந்தது.

அந்த அம்மாள் பிழைத்தார். பேச்சு போய்விட்டது, வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. மதியத்துக்கு முன்னால் செய்திருந்தால் எழுந்து நடந்திருப்பார் என்றார் டாக்டர். ஊர் மயில்சாமியைக் காறித் துப்பியது. கிருபாகரன் அடுத்த ஞாயிறு வகுப்பில், பெயரை மட்டும் மாற்றி, வாக்குக் காப்பதற்கு இதையே உதாரணமாகச் சொன்னார். கைதட்டினார்கள்.

இப்போது சொல்லுங்கள். திருட்டுக்குப் போட்ட கையெழுத்தையே உயிருக்காகவும் போட்டு வந்தார் கணவர். அவருக்குப் பயந்து தன் பணத்துக்குத் தானே பூட்டுப் போட்டார் மனைவி. கொடுத்த சத்தியத்தைக் கடைசிவரை மீறவில்லை ஆலோசகர். மூவரில் பாவாயம்மாளின் பாதி உடம்பைப் பறித்தது யார்?

விடை: கிருபாகரன். மயில்சாமி முன்பு செய்தது திருட்டு, அந்தப் பாவம் அவரோடு. பாவாயம்மாள் பூட்டியது திருட்டுக்குப் பயந்து, பிழைப்பதற்குப் பயந்தல்ல. போனை எடுக்கும்வரை கிருபாகரன் செய்ததும் சரிதான், சந்தேகப்பட வேண்டிய ஆளைத்தான் சந்தேகப்பட்டார். போனை வைத்த பிறகு அந்த அறையில் ஏமாற்று என்று ஒன்று இல்லை. அதற்கப்புறம் அவர் காத்தது தன் பேரை, சத்தியத்தை அல்ல. அவருடைய சொந்தப் பணத்தை எந்தக் கற்பூரம் தடுத்தது? வைப்பில் மிச்சம் இருப்பதை மருந்துக்கு எடுக்க இன்றும் அந்த வலது பெருவிரல் வேண்டியிருக்கிறது. கிருபாகரன் தவறாமல் மை டப்பாவோடு போகிறார். அவரைக் கண்டதும் பாவாயம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். கையை இழுத்துக்கொள்ளத்தான் முடியவில்லை.