பொன் நிறத் தலைப்பு

அமிர்தவல்லிக்கு ஐம்பத்தாறு வயது. அவளுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்த ரெஜினாள் டீச்சருக்கு அவளுடைய மூத்த மகள் வயதுதான் இருக்கும். டீச்சருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் உள்ளதைக் கம்ப்யூட்டர் வாசித்துச் சொல்ல, காதால் கேட்டே எல்லா வேலையும் செய்வார்.

போன வருஷம் அமிர்தவல்லியின் வீட்டுக்காரருக்குக் கண் போய்விட்டது. அன்றிலிருந்து மனுஷன் பாட்டு, செய்தி எதையும் கேட்பதில்லை. கல்யாணமான புதிதில் இருவரும் மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போனதை, அடுத்து எங்கே போவது என்று கேட்கிறவரே வழி சொல்லி நடத்துகிற கதையாக அவள் கம்ப்யூட்டரில் எழுதினாள். ஊருக்கு ஒரு தலைப்பு. நாலு மாச உழைப்பு. அவர் ஹெட்போனை மாட்டிக் கேட்டார். பிறகு கழற்றி வைத்தவர், மறுபடி தொடவில்லை.

"அவருக்கு என் கதை பிடிக்கல டீச்சர். பழசெல்லாம் அவருக்கு வேண்டாம்போல."

 டீச்சர் தடவிப் பார்த்துத் திரையை அணைத்தார். ஹெட்போனை அவள் தலையில் மாட்டினார்.

"ராமேஸ்வரம் போங்கம்மா."

அவள் கதைக்குள் கிளம்பினாள். ஒவ்வொரு முறை வழி சொன்னதும் கம்ப்யூட்டர் குரல் பழையபடி கதையின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது. தலைப்புக்குத் தாவ ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினாள். தலைப்பே இல்லை என்றது குரல்.

"பெரிய எழுத்துல, பொன் நிறத்துல போட்டிருக்கேனே டீச்சர்."

"எனக்குப் பொன் நிறம் தெரியாதும்மா. அதுக்கும் தெரியாது."

எழுத்தைப் பெரிதாக்கினால் போதாது, 'இது தலைப்பு' என்று வரிக்கு முன்னால் குறி போட வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார். அவள் ஊர்ப்பெயர்களுக்குப் போட்டாள். ஆசை விடவில்லை, அவர் அன்றைக்கு வாங்கித் தந்த மல்லிகைப்பூவுக்கும், ஜன்னலோரத்தில் சொன்ன வார்த்தைக்கும்கூடப் போட்டாள். இப்போது குரல் வரிக்கு வரி நின்றது. டீச்சர் சிரித்தார். ஊர்ப்பெயர்களை விட்டுவிட்டு, மற்றதை அவளே ஒவ்வொன்றாக எடுத்தாள். மல்லிகைப்பூவை எடுக்கத்தான் மனசு வரவில்லை. அதையும் எடுத்தாள்.

பொத்தானை அழுத்தினாள். திருப்புவனம். மானாமதுரை. ரயில் ஓடியது.

கை நின்றது.

"இதைச் சரி பண்ணிட்டேன். ஆனா அவருக்கே வேண்டாம்னா?"

"அன்னைக்கு எவ்வளவு நேரம் கேட்டார்?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"எந்த ஊர் வரைக்கும் போனார்?"

"'பாம்பன் வந்துட்டேன், தலை வலிக்குது'ன்னார்."

 டீச்சர் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"பிறந்ததுலேருந்து இப்படிக் கேட்டே பழகினவ நான். ஒவ்வொரு ஊருக்கும் முதல் வரியிலேருந்து கேக்கணும்னா, நானா இருந்தா மானாமதுரையிலேயே இறங்கியிருப்பேன்ம்மா."