மிட்டாதார் வீட்டு இலுப்பை

தாரமங்கலத்தில் மரம் அறுக்கும் அங்கமுத்து 1974 ஆடியில் சொல்லக் கேட்ட வடிவம் இது.

ஊர் நிலத்துக்கெல்லாம் உடையவரான மிட்டாதாரின் மாளிகை ஓட்டுக் கூரைமேல் பெரிய இலுப்பை ஒன்று சாய்ந்து நின்றது. மறுநாள் சம்பந்தி வீட்டார் வருவதாக இருந்தது. அவர்கள் கண்ணில் அது படக்கூடாதென்று மிட்டாதார் மரவெட்டி சடையாண்டியை அழைத்தார்.

"இன்னிக்கே அடியோட வெட்டிச் சாய்டா. ஓர் ஓடு உடைஞ்சாலும் உன் குடிசை இருக்காது."

"கிளை கிளையாக் கயிறு கட்டி இறக்கணும் சாமி, நாலு நாளாகும். அடியில வெட்டினா வீட்டு மேலதான் விழும்."

"என் வீட்டு மேல விழ அதுக்குத் துணிச்சல் வருமா?"

கூடியிருந்த ஊரார் சிரித்தார்கள். சடையாண்டி சிரிக்கவில்லை.

"நீங்க உள்ள இருக்கிறது தெரிஞ்சா நிச்சயம் வராதுங்க சாமி. வெட்டுற முறையச் சொன்னவர் வீட்டுக்குள்ள இருந்தாத்தான் நாங்க கோடாலி வைக்கிறது வழக்கம்."

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. மிட்டாதார் உள்ளே போய் அமர்ந்தார்.

முதல் அடியில் கிளைகள் ஓடுகளை உரசிக் கரகரத்தன. இரண்டாம் அடியில் காய்கள் கூரைமேல் பொலபொலவென உதிர்ந்தன. மூன்றாம் அடிக்கு ஓங்கும்போதே மிட்டாதார் தலைப்பாகை இல்லாமல் வாசலுக்கு வந்துவிட்டார்.

"கிளையாவே இறக்குடா. சம்பந்தி பார்த்தாப் பார்க்கட்டும்."

சடையாண்டி விலகி நின்றான். அடிமரத்தில் ஒரு வெட்டுக்கூட இல்லை. கோடாலியின் முதுகால்தான் அடித்திருந்தான்.

நாலாம் நாள் மரம் முழுதும் இறங்கியது. ஓர் ஓடும் உடையவில்லை.

ஓமலூர்ப் பக்கத்தார் முடிவை வேறாகச் சொல்கிறார்கள். ஓடிவந்து உத்தரவை மாற்றியது மிட்டாதாரின் மனைவியாம். மிட்டாதாரோ கௌரவத்துக்காக நாலு நாளும் உள்ளேயே உட்கார்ந்திருந்தாராம்.