கழியைக் கடலாக்கிய புலவர்

காலையில் ஓர் உத்தரவு, மாலையில் அதற்கு நேர்மாறாக இன்னோர் உத்தரவு என்று மகரவர்மன் என்ற ராஜா, வெகுகாலத்துக்கு முன்னால் கடலோரச் சங்குமேட்டு நாட்டை ஆண்டுவந்தார். அந்த உத்தரவுகளைச் சரிக்கட்டியே மந்திரி நல்லசாத்தனுக்குத் தலை நரைத்துவிட்டது.

ஒருநாள் சபையில் ராஜா கேட்டார்: "கழி, கழி என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?"

மந்திரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நேற்று, மேகம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் அரை நாள் பாழாயிருந்தது.

ஆஸ்தானப் புலவர் திருமேனிநாதர் துள்ளி எழுந்தார். ராஜாவுக்குப் பக்கத்தில் மந்திரி உட்காருவது அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். "பிரபு! கடல் நிலத்துக்குள் நீட்டிய கைதான் கழி. ஆகவே அதுவும் கடலே. கடல் அரசருக்குச் சொந்தம். அதை அடியேனுக்குத் தானமாகத் தந்தால்..."

"தந்தோம்!"

"அரசே, ஒரு மீனவக் குப்பமே அதில் வலை போட்டுத்தான் கஞ்சி குடிக்கிறது," என்றார் மந்திரி.

"மந்திரியாருக்கு எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை!" என்று புலவர் சிரித்தார்.

மத்தியானமே குப்பத்து நீலாச்சி மந்திரி வீட்டு வாசலில் வெறுங்கூடையைக் கவிழ்த்தாள். "புலவரு ஆளுங்க வலையைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க சாமி. கேட்டா, இது கடலாம்! உலையில எதைப் போடுறது?"

"நாளைக்கு அரண்மனைக்கு வா தாயி," என்றார் மந்திரி எரிச்சலோடு. எரிச்சல் அவள்மேல் இல்லை.

புலவர் வீடு கழிக்கு அக்கரையில் இருந்தது. மறுநாள் வழக்கம்போல் ஓடத்தில் வந்து இறங்கினார். அரண்மனை வாசலில் நாவிதர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு குடம் பஞ்சகவ்யம்.

"என்ன இது?"

"நம் நாட்டு வழக்கம் மறந்துபோச்சா புலவரே? கடல் தாண்டியவர் மொட்டையடித்து, பஞ்சகவ்யம் குடித்த பிறகுதான் அரண்மனைக்குள் வரலாம். நீங்கள் கடல் தாண்டி வந்திருக்கிறீர்கள். உட்காருங்கள்," என்றார் மந்திரி. காவலர் இருவர் உட்காரவைத்தார்கள்.

பாதித் தலை வழித்தபோது கூச்சல் கேட்டு ராஜா வந்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அரசே, தாங்களும் நேற்றிரவு அக்கரை மாமியார் வீட்டு விருந்துக்குப் போய் வந்தீர்கள். அடுத்தது தங்கள் முறை," என்றார் மந்திரி.

ராஜாவின் கை தானாகத் தலைமுடிக்குப் போனது. "கழி கடலில்லை! யார் சொன்னது கடலென்று? அது... அது என்னய்யா?"

"வலை போடுகிறவளைக் கேளுங்கள்."

நீலாச்சி முன்னால் வந்தாள். "கடலும் வரும், ஆறும் வரும் ராசா. ரெண்டும் போயிடும். நாங்கதான் அங்கயே கெடக்குறோம்."

"அப்படியானால் உங்களுக்கே! வலைகளைத் திருப்பிக் கொடுங்கள்! மந்திரிக்கு ஒரு முத்துமாலை!"

புலவர் தலையைத் தடவிப் பார்த்து அழாத குறையாகக் கேட்டார்: "பிரபு, மீதியை?"

"கழிதான் கடலில்லையே, மொட்டை எதற்கு? யாரும் கத்தி வைக்கக் கூடாது. அப்படியே வீட்டுக்குப் போம்!"

குப்பத்து ஓடக்காரன் அன்று மிக மெதுவாகத் துடுப்புப் போட்டான். இரண்டு கரையிலும் ஊரே நின்றுகொண்டிருந்தது.