நாற்பது நாள் கயிறு

ணங்.

இறுகிப்போன மண்ணில் மண்வெட்டி விழும் சத்தம் அது. இளகிய மண் அப்படிக் கத்தாது, சதக்கென்று வாங்கிக்கொள்ளும். சிறு வயதில் எங்கோ கேட்ட அந்த ‘ணங்’ இன்னும் என் காதில் இருக்கிறது. அதைக் கேட்ட அன்றுதான் இந்தக் கதையையும் கேட்டேன். இப்போது நீங்கள் கேளுங்கள்.

ஆண்டுகளை யாரும் எண்ணிவைக்காத ஒரு காலத்தில் மஞ்சனூர் என்றொரு நாடு இருந்தது. அதை விசயராயன் என்றொரு ராஜா ஆண்டான். அவன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை முடியும்போது உங்களுக்குச் சந்தேகம் வரலாம்.

அரண்மனைக்கு முன்னால் ஒரு பெரிய புல்தரை. ராஜாவின் பாட்டன் ஆற்றங்கரையிலிருந்து அருகம்புல் கொண்டுவந்து பதித்தது. நடுவில் ஒரு கல்லாசனம். தினமும் காலையில் ராஜா அதில் வந்து உட்காருவான். குறை உள்ளவர் யாரும் வரலாம். காவலனைக் கேட்க வேண்டாம், மந்திரியைக் கேட்க வேண்டாம், நேரே வந்து புல்லில் உட்காரலாம். ஆத்திரத்தோடு வந்தவனும் அந்தக் குளிர்ச்சியில் உட்கார்ந்து நாலு புல்லைக் கிள்ளிப் போட்டால் அவன் குரல் தணிந்துவிடும். பாதி வழக்கை ராஜா தீர்த்தான். மீதிப் பாதியைப் புல் தீர்த்தது.

ஆனால் புல்லுக்கும் ஒரு அளவு உண்டு. வந்தவர்கள் எல்லாரும் ஆசனத்துக்கு முன்னால்தான் வந்து நின்றார்கள். தாத்தா நின்ற இடத்தில் அப்பா நின்றார், அப்பா நின்ற இடத்தில் மகன் நின்றான். மண் இறுகியது. புல் பழுத்தது, பிறகு கருகியது, பிறகு இல்லாமலே போனது.

ஒருநாள் வடகரை நாட்டுத் தூதன் வந்தான். ராஜாவின் மகளை வடகரை இளவரசனுக்குக் கேட்டு வந்தவன். ஆசனத்துக்கு முன்னால் பளபளவென்று கிடந்த கட்டாந்தரையைப் பார்த்தான்.

“மகாராஜா, நெற்களம் நன்றாக இருக்கிறது. எப்போது போரடிப்பு?” என்றான்.

சபையே சிரித்தது. ராஜாவும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு அவன் உள்ளே போய்த் தைத்தது. “இன்னும் ஒன்றரை மாதத்தில் எங்கள் ராஜா பரிவாரத்தோடு வருவார்” என்று சொல்லிவிட்டுத் தூதன் போனான்.

அன்றைக்கே புல்தரைக்காரனை அழைத்தார்கள். அவன் பெயர் சடையாண்டி. ஐம்பது வயது. அரண்மனைப் புல்லைத் தவிர வேறொன்றும் அறியாதவன். வெறுங்காலால் நடந்து பார்த்தே எந்த இடத்தில் நீர் போதவில்லை என்று சொல்லுவான்.

“என்ன செய்தால் பச்சையாகும்?” என்றான் ராஜா.

“கொத்த வேண்டும், பதிக்க வேண்டும், காத்திருக்க வேண்டும்” என்றான் சடையாண்டி. “முதல் இரண்டும் என் வேலை, மகாராஜா. மூன்றாவது உங்கள் வேலை. நாற்பது நாள் ஒரு கால்கூட அதில் படக் கூடாது.”

ராஜா சம்மதித்தான். நாற்பது நாள் ராஜா வழக்குக் கேட்கும் மன்று கூடாது என்று முரசு அறைந்தார்கள். புல்தரையைச் சுற்றி முளையடித்துக் கயிறு கட்டினார்கள். கயிற்றைத் தாண்டியவனுக்குச் சிறை. மன்று கூடாத நாட்களில், காவலுக்கும் தண்டனைக்கும் அதிகாரியான தண்டநாயகன் சொன்னதே தீர்ப்பு.

சடையாண்டி வேலையைத் தொடங்கினான். கட்டாந்தரை மண்வெட்டியைத் திருப்பி அடித்தது. ஒரு சாண் ஆழம் கொத்தினான். கல்லைப் பொறுக்கினான். கோரைக்கிழங்கை மூன்று தடவை சலித்து எடுத்தான். ஒன்று தப்பினாலும் மறுபடி வரும். வண்டலும் மட்கிய சாணமும் கலந்தான். பலகை இழுத்துச் சமன் செய்தான். பிறகு ஒற்றை மகன் காத்தனைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனான். மூன்று நாள் அங்கேயே தங்கி அப்பனும் மகனும் அருகங்கொடி அரிந்தார்கள். சடையாண்டியின் மனைவி வெள்ளச்சி இருவேளையும் சோறு கொண்டுபோனாள்.

கொடியைக் கணுக்கணுவாக வெட்டிப் பதித்தார்கள். முதல் நாட்களில் சடையாண்டி மட்டும் ஒரு அகலப் பலகையைப் போட்டு, அதன்மேல் நின்று நீர் தெளித்தான். கணுக்கள் வேர்விட்டுக் கொடிகள் கைகோத்த பிறகு அந்தப் பலகையையும் எடுத்துவிட்டான். வாய்க்காலிலிருந்து நீரைத் திருப்பிவிட்டு, கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

கீரைக்காரி ஒருத்தி தினமும் அந்த வழியாகப் போவாள். “என்ன சடையாண்டி அண்ணே! பிள்ளை பெற்றவளுக்கே பதினாறு நாள்தான் தீட்டு. உம்ம புல்லுக்கு நாற்பதா?” என்று கேட்பாள். சடையாண்டி சிரிப்பான். அந்த நாட்களில் அவன் அதிகம் சிரித்தான்.

முப்பத்தேழாம் நாள் காலையில் காவலர் அவன் வீட்டுக்கு வந்து காத்தனைக் கட்டி இழுத்துப் போனார்கள்.

நடந்தது இதுதான். ஒரு மாதத்துக்கு மேலாக ராஜாவின் வெள்ளைக் குதிரையைக் காணவில்லை. தேடாத இடமில்லை. வடகரை ராஜா வருவதற்குள் யாரையாவது பிடித்துக் காட்ட வேண்டிய நிலைமை தண்டநாயகனுக்கு. லாயத்துக்குப் புல் கொண்டுபோய்ப் போடுகிறவன் காத்தன். அது போதுமானதாக இருந்தது. ராஜாவின் குதிரையைத் திருடியவனுக்குக் கொலைத்தண்டனை. அதை முப்பத்தொன்பதாம் நாள் விடியலில் நிறைவேற்றுவது என்று தீர்ப்பாகிவிட்டது.

குதிரை காணாமல் போன அன்று காத்தன் எங்கே இருந்தான்? ஆற்றங்கரையில், அப்பனோடு, இதே புல்லை அரிந்துகொண்டிருந்தான்.

சடையாண்டி தண்டநாயகனிடம் ஓடினான். “பெற்றவன் சாட்சியெல்லாம் சாட்சியா? ராஜாவிடம் போய்ச் சொல்லு” என்றான் தண்டநாயகன்.

அரண்மனை வாசலுக்கு ஓடினான். “மன்று கூடட்டும், அப்போது வா. இன்னும் மூன்று நாள்தானே? நாற்பது நாள் கேட்டது நீதானே ஐயா!” என்றான் வாயில்காவலன். அவன் கேலி செய்யவில்லை. உள்ளதைத்தான் சொன்னான்.

மறுநாள் காலை. முப்பத்தெட்டாம் நாள். புருஷனும் பெண்டாட்டியும் கயிற்றோரம் வந்து நின்றார்கள். ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் வாய்க்கால், எதிர்க்கோடியில் ராஜாவின் மாடம். அந்த நேரத்தில் ராஜா மாடத்து ஜன்னலுக்கு வந்து புல்லைப் பார்ப்பது வழக்கம். அன்றும் வந்தான்.

சடையாண்டி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுக் கத்தினான். அவ்வளவு தூரத்துக்கு அவன் குரல் போகவில்லை. ராஜா மகிழ்ந்துபோய்க் கையசைத்தான்.

“கேட்கல. உள்ளே போய்க் கூப்பிடுங்க” என்றாள் வெள்ளச்சி.

சடையாண்டி கயிற்றுக்கு மேலே ஒரு காலைத் தூக்கினான். கீழே இளம்புல் பனி நனைந்து கிடந்தது. அப்போதுதான் கண்ணைத் திறந்த தளிர்கள். ஒரு மிதிக்குத் தாங்காதவை. சிறைக்குப் பயந்தானா, புல்லுக்குப் பயந்தானா, அவனுக்கே தெரியாது. தூக்கிய காலை அவன் வெளியிலேயே வைத்தான்.

“புல்லுக்கு இன்னும் ரெண்டு நாளுதான். நான் இன்னொரு தடவை தண்டநாயகரைக் கெஞ்சிப் பார்க்கிறேன்…”

வெள்ளச்சி அவனை ஒரு பார்வை பார்த்தாள். கயிற்றைத் தூக்கி, குனிந்து, உள்ளே போனாள். ஓடினாள். ஈரத்தில் அவள் குதிகால் புதைந்து புதைந்து எழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பள்ளம். பாதித் தூரம் போய்விட்டாள். “மகாராஜா!” என்று அவள் வாயெடுத்தபோது பின்னாலிருந்து ஒரு அலறல் வந்தது.

“புல்லு! ஐயோ, புல்லு!”

அலறியது சடையாண்டி. அவன் நினைத்துச் சொல்லவில்லை. முப்பது வருஷமாக மாடு புகுந்தாலும் பிள்ளைகள் புகுந்தாலும் அவன் வாயில் வருகிற சொல், அன்றும் வந்துவிட்டது.

வெள்ளச்சி நின்றாள். திரும்பிப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம், அவ்வளவுதான். அதற்குள் காவலர் வந்து அவள் தோளைப் பிடித்தார்கள். மாடத்தில் ராஜா, யாரோ ஒரு பெண் தன் புல்லை மிதிக்கிறாள் என்று முகம் சுளித்து உள்ளே போய்விட்டான். அவளைச் சிறையில் வைத்தார்கள். சடையாண்டி தண்டநாயகன் வாசலில் அன்று முழுதும் கிடந்தான். கதவு திறக்கவில்லை.

முப்பத்தொன்பதாம் நாள் விடிந்தது. காத்தனுக்கு அந்த விடியலோடு எல்லாம் முடிந்தது.

நாற்பதாம் நாள் குதிகால் பள்ளங்களைத் தூர்த்துக் கயிற்றை அவிழ்த்தார்கள். மறுநாள் வடகரை ராஜா வந்தான். புல்லைப் பார்த்தான். “பட்டு விரித்தாற்போல் இருக்கிறது” என்றான். கல்யாணம் பேசி முடித்தார்கள். அதற்கடுத்த வாரம் வெள்ளைக் குதிரை கிடைத்தது. குதிரைக்காரன் கட்ட மறந்ததில் தானாக நடந்து போய், நாலு ஊர் தள்ளி, வண்ணாரின் கழுதைகளோடு குளத்தங்கரையில் மேய்ந்துகொண்டிருந்ததாம்.

ராஜா பழையபடி காலையில் வந்து கல்லாசனத்தில் உட்கார்ந்தான். முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் யாரும் வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. புல் மட்டும் காற்றில் அசைந்தது.

சடையாண்டியை அழைத்துக் கேட்டான். “ஏன் யாரும் வரவில்லை? குறையே இல்லையா என் நாட்டில்?”

அப்போதுதான் சடையாண்டி சொன்னான். ஆற்றங்கரையைச் சொன்னான், குதிரையைச் சொன்னான், மகனைச் சொன்னான். அழாமல் சொன்னான்.

ராஜாவின் முகம் வெளுத்தது. “என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?”

“கூப்பிட்டேன் மகாராஜா. நீங்கள் கையசைத்தீர்கள்.”

“புல்லைக் காட்டிக் கும்பிடுகிறாய் என்றல்லவா நினைத்தேன்!”



ராஜா வெள்ளச்சியை விடுவித்தான். தண்டநாயகனை நாட்டைவிட்டு அனுப்பினான். பிறகு எழுந்து நின்று, “இந்தப் புல்லை இன்றைக்கே வெட்டி எறி” என்றான்.

“புல் என்ன செய்யும், மகாராஜா?” என்றான் சடையாண்டி. “கயிறு கட்டியது நாம்.”

ராஜா மறுபடி உட்கார்ந்தான்.

அவன் ஆட்சி இருந்தவரைக்கும் அந்தத் தரையில் பிறகு யாரும் கயிறு கட்டவில்லை. பயம் தெளிந்து ஜனங்கள் வர ஒரு வருஷம் ஆயிற்று. ஆசனத்துக்கு முன்னால் மறுபடி புல் பழுத்தது, கருகியது, இல்லாமல் போனது. வடகரைச் சம்பந்தி வரும்போதெல்லாம் களத்தைப் பற்றிக் கேலி பேசினான். ராஜா வழக்கம்போல் கல்லாசனத்தில் வந்து உட்கார்ந்தான்.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: ஒன்றைக் காப்பாற்றப் போட்ட கட்டுப்பாடு, ஒரு உயிர் வந்து கதறும்போது விலகி வழிவிட வேண்டும்.

வெள்ளச்சி சிறையிலிருந்து நேரே வீட்டுக்குத்தான் வந்தாள். பதினொரு வருஷம் புருஷனுக்குச் சோறு பொங்கிப் போட்டாள், அவனோடு ஒரு வார்த்தை பேசாமலே செத்துப்போனாள்.